போர்த்மடோக்: கடலை மறிச்ச சுவர்ல இருந்து பொறந்த ஊரு, இன்னிக்கு அங்க வீடுங்களுக்காக ஏன் இவ்ளோ சண்டை?

வேல்ஸ்ல லீவு வீடு பிரச்சனை, வெளியூர்க்காரங்க வாங்குற ரெண்டாவது வீட்டுக்கு கூடுதல் வரி, வீட்டை லீவு வீடா மாத்த கட்டுப்பாடு போடுற ஆர்டிகிள் 4ங்கிற பிளானிங் விதி அப்டின்னு கொஞ்ச வருஷமாவே செய்தி வந்துட்டே இருக்கு. படிக்கிறவங்களுக்கு வர்ற நியாயமான குழப்பம் என்னன்னா, டூரிஸ்ட் வந்தாதான் சோறுன்னு இருக்குற சின்ன கடலோர ஊருங்க எதுக்கு வெளியூர்க்காரங்க வீடு வாங்குறதை எதிர்க்குது? இதுக்கு பதில் சட்டத்துல மட்டும் இல்ல, அந்த ஊருங்களோட வரலாத்துல இருக்கு. அதனால ஒரே ஒரு ஊரை எடுத்து அடில இருந்து பாக்கலாம். வடமேற்கு வேல்ஸ்ல, க்வினெத் கவுன்ட்டில, ஸ்னோடோனியா மலைங்க கடல்கிட்ட இறங்குற இடத்துல இருக்குற போர்த்மடோக். சுமார் நாலாயிரம் பேர் வாழுற ஊரு, அவ்ளோதான்.

முதல்ல ஒரு விஷயம்: இது பழைய ஊரே இல்ல

வேல்ஸ் கடற்கரைன்னாலே 13ம் நூற்றாண்டு கோட்டை, மதில் சுவர்னு நினைப்போம். கான்வி, கார்னார்வன், ஹார்லெக் எல்லாம் அப்டித்தான். போர்த்மடோக் அந்த கணக்குல வராது, 1800ல அங்க ஊர்னு சொல்ல ஒண்ணுமே கிடையாது. இருந்தது க்ளாஸ்லின் ஆறு கடல்ல கலக்குற பெரிய முகத்துவாரம், பேரு ட்ரைத் மவ்ர். கடல் ஏறுனா தண்ணி மலையடிவாரம் வரைக்கும் போகும், இறங்குனா கண்ணுக்கு எட்டுன தூரம் மணலும் சேறும்தான். அதை நடந்து கடக்க வழி தெரிஞ்ச ஆள் ஒருத்தர் கூட வரணும், ஏன்னா சேறு எங்க ஆளை இழுக்கும், கடல் எப்ப திரும்ப ஏறும்னு உள்ளூர்க்காரங்களுக்குத்தான் தெரியும்.

இதை மாத்துனவர் வில்லியம் அலெக்சாண்டர் மடாக்ஸ். இங்கிலாந்துல பாஸ்டன் தொகுதிக்கு பார்லிமென்ட் மெம்பர், 1798ல இந்த பக்கம் நிலம் வாங்குனவர். அவர் மனசுல ஓடுன திட்டம் இதுதான்:

1. 1801ல அயர்லாந்து பிரிட்டனோட இணைஞ்சிருச்சு, அதனால லண்டன்ல இருந்து டப்ளினுக்கு தபாலும் ஆளும் போற ரூட்டுக்கு மவுசு வரும்.
2. அந்த ரூட் லீன் தீபகற்பத்துல இருக்குற போர்த் டின்லைன் துறைமுகம் வழியா போனா, ட்ரைத் மவ்ரை கடந்துதான் போகணும்.
3. முகத்துவாரத்து வாய்ல ஒரு சுவர் கட்டி கடலை மறிச்சா ரோடும் கிடைக்கும், சுவருக்கு பின்னாடி ஆயிரக்கணக்கான ஏக்கர் விவசாய நிலமும் கிடைக்கும்.

இந்த நம்பிக்கைல அவர் முதல்ல ட்ரெமடோக்னு ஒரு சின்ன டவுனையே பிளான் போட்டு கட்டுனார், நடுவுல மார்க்கெட் சதுக்கம், தெருவுக்கு லண்டன் தெரு, டப்ளின் தெருன்னு பேரு. அப்புறம் 1808ல காப்னு இன்னிக்கு எல்லாரும் சொல்ற அந்த பெரிய கரையை கட்ட ஆரம்பிச்சார், நீளம் சுமார் ஒரு மைல். நூத்துக்கணக்கான கூலியாட்கள் ரெண்டு கரைல இருந்தும் கல்லைக் கொட்டிட்டே நடுவுக்கு வந்தாங்க, நடுவுல இடைவெளி குறையக் குறைய கடல் உள்ள பாயுற வேகம் கூடிட்டே போச்சு, கொட்டுன கல்லையே அடிச்சுட்டு போயிடும். 1811ல ஒருவழியா மூடுனாங்க, பெரிய விருந்து வெச்சு கொண்டாடுனாங்க. ஒரு வருஷம்கூட தாங்கல, 1812 பிப்ரவரில வந்த புயல் காப்பை உடைச்சுருச்சு. மடாக்ஸ் ஏற்கனவே கடன்ல மூழ்கியிருந்தார், செலவு போட்ட கணக்கை விட ரெண்டு மடங்குக்கு மேல போயிருந்துச்சு. சுத்துப்பட்டு ஊர்க்காரங்க ஆளையும் குதிரையையும் அனுப்பி உதவுனாங்க, அந்த சமயத்துல மடாக்ஸோட வீட்டுல வாடகைக்கு குடியிருந்த கவிஞர் ஷெல்லிகூட காப்புக்காக நிதி திரட்ட அலைஞ்சார். 1814ல மறுபடி சரியாச்சு.

ஆனா ரூட்? அரசாங்கம் ஹோலிஹெட் துறைமுகத்தை தேர்ந்தெடுத்துருச்சு. டப்ளின் தபால் இந்தப் பக்கம் வரவே இல்ல. எதுக்காக கட்டுனாங்களோ அது நடக்கல.

துறைமுகம் யாரும் கேக்காம வந்தது

இந்த இடத்தை கொஞ்சம் நிதானமா பாக்கணும், ஊர் பொறந்த காரணமே இதுதான். காப் கட்டுறதுக்கு முன்னாடி க்ளாஸ்லின் ஆறு அகலமான மணல் மேல இஷ்டத்துக்கு பிரிஞ்சு ஓடிட்டு இருந்துச்சு, எங்கயுமே ஆழம் கிடையாது. காப் வந்ததும் அத்தனை தண்ணியும் மேற்கு ஓரத்துல வெச்ச மதகு வழியா மட்டும்தான் வெளிய போக முடியும். மதகு வேலை செய்யுற விதம் சிம்பிள்: கடல் ஏறும்போது கதவு மூடிக்கும், உப்புத்தண்ணி உள்ள வராது, அதுவரைக்கும் ஆத்துத்தண்ணி உள்பக்கம் தேங்கி நிக்கும், கடல் இறங்குனதும் கதவு திறந்து தேங்குனது மொத்தமும் ஒரே இடத்துல வேகமா பாயும். தினமும் ரெண்டு தடவை இப்டி பாஞ்சு பாஞ்சு அடில இருந்த மணலை அரிச்சு எடுத்துட்டு போய், கப்பல் வர்ற அளவுக்கு ஆழமான ஒரு இடத்தை ஆறே தோண்டிக் குடுத்துருச்சு.

மடாக்ஸ் கெட்டிக்காரர், உடனே பிடிச்சுக்கிட்டார். 1821ல பார்லிமென்ட்ல துறைமுகத்துக்கு சட்டம் வாங்குனார், 1820கள் நடுவுல துறைமுகம் தயார். ஊருக்கு போர்ட்மடாக்னு பேரு, 1974லதான் அதிகாரபூர்வமா வெல்ஷ் எழுத்துக்கு மாத்துனாங்க. மடாக்ஸ் 1828ல பாரிஸ்ல இறந்துட்டார், ஊரோட நல்ல காலத்தை அவர் பாக்கவே இல்ல.

மலைல கல்லு, கீழ கப்பலு, நடுவுல ஒரு குட்டி ரயிலு

பதிமூணு மைல் தள்ளி மலைல ப்ளைனை ஃபெஸ்டினியோக்னு ஒரு ஊரு. அங்க கிடைக்குற கல்லு ஸ்லேட். மெல்லிசா பலகை பலகையா பிளக்க வரும், தண்ணி உறிஞ்சாது, கூரைக்கு போட்டா நூறு வருஷம் தாங்கும். தொழிற்புரட்சில ஊர் ஊரா வீடு கட்டிட்டு இருந்த காலம், கூரைக்கு ஸ்லேட் கேட்டு வரிசைல நின்னாங்க. 1842ல ஜெர்மனில ஹாம்பர்க் நகரம் பெரிய தீவிபத்துல அழிஞ்சப்புறம் அங்க திரும்பக் கட்டுறதுக்கும் இங்கருந்துதான் ஸ்லேட் போச்சு, அதுக்கப்புறம் ஜெர்மனி பெரிய மார்க்கெட்டாவே ஆயிருச்சு.

முன்னாடி கல்லை குதிரை முதுகுல, வண்டில ஏத்தி, ஆத்துல சின்ன படகுக்கு மாத்தி, அங்கருந்து கப்பலுக்கு மாத்தி, ஒவ்வொரு தடவை இறக்கி ஏத்தும்போதும் கொஞ்சம் உடையும். 1832ல சட்டம் வாங்கி 1836ல ஃபெஸ்டினியோக் ரயில்வே ஓட ஆரம்பிச்சதும் இந்த தொல்லை போச்சு. தண்டவாளத்துக்கு நடுவுல இடைவெளி ரெண்டு அடிகூட இல்ல. முதல் இருபத்தேழு வருஷம் எஞ்சினே கிடையாது. லைன் பூரா கீழ்நோக்கி ஒரே சீரான சரிவா போட்டிருந்தாங்க, கல்லு ஏத்துன வேகன் தன் பாரத்துலயே உருண்டு இறங்கும், பிரேக் பிடிக்க மட்டும் ஆள் உக்காந்துட்டு வருவாங்க. காலி வேகனை மேல இழுத்துட்டு போன குதிரைங்களுக்கு கடைசில தனி வேகன், அதுல நின்னுட்டே புல்லு தின்னுக்கிட்டு கீழ வரும். இறங்க ஒன்றரை மணி நேரம், குதிரை இழுத்து ஏற கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். 1863ல நீராவி எஞ்சின் வந்துச்சு, 1865ல பயணிகள் ரயில். இவ்ளோ குறுகலான லைன்ல எஞ்சின் ஓடுமான்னு சந்தேகப்பட்ட காலத்துல, 1870ல இங்க நடந்த சோதனை ஓட்டத்தைப் பாக்க ரஷ்யால இருந்தெல்லாம் ஆள் வந்தாங்க. மலை நாட்டுல குறைஞ்ச செலவுல லைன் போடலாம்ங்கிற நம்பிக்கையை உலகத்துக்கு குடுத்ததுல இந்த ரயிலுக்கு பெரிய பங்கு இருக்கு.

உச்சம் 1873. அந்த ஒரு வருஷத்துல மட்டும் 1,16,000 டன்னுக்கு மேல ஸ்லேட், ஆயிரம் கப்பலுக்கு மேல இந்த குட்டி துறைமுகத்துல இருந்து கிளம்புச்சு.

கப்பல் யாரோடது?

என்னைக் கேட்டா இந்த ஊரோட குணத்தை புரிஞ்சுக்க இதுதான் முக்கியமான கேள்வி, இன்னிக்கு நடக்குற வீட்டுச் சண்டைக்கும் இதுக்கும் நேரடி சம்பந்தம் இருக்கு.

குவாரிங்க பெரிய முதலாளிங்க கைல இருந்துச்சு. ஆனா கப்பல் அப்டி இல்ல. பிரிட்டிஷ் சட்டப்படி ஒரு கப்பலை 64 பங்கா பிரிச்சுத்தான் பதிவு பண்ணுவாங்க. போர்த்மடோக்ல அந்த 64 பங்கை வாங்குனது யாருன்னு பாத்தா கேப்டன், அவரோட சொந்தக்காரங்க, மளிகைக்கடைக்காரர், பாய்மரம் தைக்கிறவர், சர்ச் போதகர், குவாரி தொழிலாளி, புருஷனை இழந்த பொம்பளைங்க. கைல இருக்குற சேமிப்புக்கு ஏத்தமாதிரி ஒரு பங்கு, ரெண்டு பங்கு. கப்பல் நல்லபடியா போயிட்டு வந்தா லாபம் ஊருக்குள்ளயே பிரியும். மூழ்குனா நஷ்டமும் ஊருக்குள்ளயேதான் விழும், அதுக்கும் ஒரு வழி பண்ணாங்க, 1841ல கப்பல்காரங்களே சேந்து ஒருத்தருக்கொருத்தர் இன்சூரன்ஸ் குடுக்குற சங்கத்தை ஆரம்பிச்சாங்க.

கப்பலைக் கட்டுனதும் இதே கரைலதான். கடைசி காலத்துல, 1891ல இருந்து 1913 வரைக்கும், இங்க கட்டுன, ஒவ்வொண்ணுலயும் மூணு பாய்மரம் இருந்த ஸ்கூனர் கப்பல்கள் அழகுக்கும் வேகத்துக்கும் பேர் போனவை. ஜெர்மனிக்கு ஸ்லேட் கொண்டு போவாங்க, அட்லாண்டிக்கை தாண்டி நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடார் பக்கம் போய் உப்புப்போட்ட காட் மீனை ஏத்துவாங்க, அதை மத்தியதரைக்கடல் ஊருங்கள்ல இறக்குவாங்க, அப்புறம் வேற சரக்கோட வீடு திரும்புவாங்க. நாலு தெரு இருக்குற ஊர்ல பொறந்த பையன் இருபது வயசுக்குள்ள இவ்ளோ உலகம் பாத்துட்டு வந்தான்.

இதுக்கு சாட்சி இன்னிக்கும் துறைமுகத்துல இருக்கு. சரக்கு இல்லாம காலியா திரும்புற கப்பல் கவிழாம இருக்க அடில கல்லும் மண்ணும் பாரமா ஏத்திட்டு வருவாங்க, இங்க வந்ததும் ஸ்லேட் ஏத்துறதுக்கு அதை எங்கயாவது கொட்டணும். எல்லாரும் ஒரே இடத்துல கொட்டுனதுல அது ஒரு குட்டித் தீவாவே ஆயிருச்சு, பேரு கெய் பாலஸ்ட். நாடு நாடா வந்த கல்லு ஒண்ணா கிடக்குற ஒரு இடம், இப்ப மேல புல்லும் செடியும் வளர்ந்து சாதாரண மேடு மாதிரி தெரியும்.

எப்டி சரிஞ்சது

ஒரே நாள்ல இல்ல, ஒண்ணு மேல ஒண்ணா வந்துச்சு:

1. 1867ல பெரிய ரயில் லைன் ஊருக்குள்ள வந்துச்சு, 1872ல மின்ஃபோர்த்ல குட்டி ரயில்ல இருந்து பெரிய ரயிலுக்கு சரக்கு மாத்துற வசதி வந்துருச்சு. ஸ்லேட்டுக்கு கப்பல்தான் வேணும்ங்கிற கட்டாயம் போச்சு.
2. மலிவான ஓடு வந்து கூரை மார்க்கெட்டை பிடிச்சுருச்சு.
3. 1914ல போர், ஜெர்மன் மார்க்கெட் மொத்தமா மூடியாச்சு. 1913ல கட்டுன ஜெஸ்டியானாதான் இங்க கட்டுன கடைசி கப்பல், அது முதல் பயணத்துலயே தொலைஞ்சு போச்சு.
4. ரயில்வே 1939ல பயணிகளை நிறுத்துச்சு, 1946ல சரக்கும் நின்னுச்சு.

இங்க ஒரு விசித்திரம். 1832 சட்டத்துல லைனை எப்டி போடணும்னு எழுதியிருந்தாங்க, மூடுறதா இருந்தா என்ன பண்ணணும்னு எழுதல. அதனால தண்டவாளத்தை பிடுங்கி விக்க முடியாம அப்டியே விட்டுட்டாங்க, அது மேல புதர் மண்டிப்போச்சு. அந்த ஓட்டைதான் காப்பாத்துச்சு. 1954ல ஆர்வலர்கள் கைக்கு கம்பெனி வந்துச்சு, 1955 ஜூலைல காப் மேல மறுபடி பயணிகள் ரயில் ஓடுச்சு. நடுவுல ஒரு நீர்மின் திட்டம் பழைய பாதையோட ஒரு பகுதியை தண்ணில மூழ்கடிச்சுருச்சு, அதுக்காக மலையை சுத்தி புதுப் பாதையை பெரும்பாலும் தன்னார்வலர்களே தோண்டுனாங்க, 1965ல ஆரம்பிச்சு பதிமூணு வருஷம். 1982ல ப்ளைனை வரைக்கும் முழுசா திறந்தாச்சு. 2011ல இருந்து கார்னார்வன் லைனும் ஊருக்குள்ள வந்து சேருது. 2021 ஜூலைல இந்த ஸ்லேட் நிலப்பரப்பே யுனெஸ்கோ உலக பாரம்பரிய பட்டியல்ல ஏறியாச்சு, அதுல இந்த ரயிலும் அடக்கம்.

காப் இன்னும் சுவரா வேலை செஞ்சுட்டுத்தான் இருக்கு. அது மேல ரோடு போகுது, ரயில் போகுது, பின்னாடி இருக்குற வயல்வெளியை கடல்கிட்ட இருந்து தடுக்குறதும் அதுதான். 2003 வரைக்கும் அதைக் கடக்குற கார்க்கு 5 பென்ஸ் சுங்கம் வாங்கிட்டு இருந்தாங்க, வேல்ஸ் அரசாங்கம் விலைக்கு வாங்குனப்புறம்தான் நின்னுச்சு.

இப்ப வீட்டு விஷயம்

ஸ்லேட் போனப்புறம் டூரிஸம். ரயில் இருக்கு, பக்கத்துல போர்ட்மெய்ரியன்ங்கிற, கற்பனைல தோணுன மாதிரியே கட்டுன அழகான கிராமம், மோர்வா பிக்கன்ல கார் இறக்கி ஓட்டுற அளவுக்கு இறுகலான கடற்கரை. ஸ்லேட் அடுக்கி வெச்சிருந்த துறைமேடைல இன்னிக்கு லீவு வீடுங்க நிக்குது, மிச்சம் இருக்குற ஒரு பழைய ஸ்லேட் கொட்டகைலதான் கடல்சார் மியூசியம் இருக்கு.

டூரிஸ்ட் வந்து தங்கிட்டு போறது வேற, வீட்டை வாங்கி வருஷத்துல சில வாரம் மட்டும் வர்றது வேற. முதல்ல சொன்னது ஊருக்கு வருமானம். ரெண்டாவது என்ன பண்ணுதுன்னா, லண்டன், மான்செஸ்டர் சம்பளத்தோட உள்ளூர் ஹோட்டல்ல வேலை பாக்குறவங்க சம்பளம் ஒரே வீட்டுக்காக போட்டி போட வேண்டியதாகுது. யார் ஜெயிப்பாங்கன்னு சொல்ல வேண்டியதில்ல. இளசுங்க வாடகை வீடுகூட கிடைக்காம வெளியூர் போறாங்க, ஸ்கூல்ல புள்ளைங்க குறையுது. இதே கவுன்ட்டில அபர்சோக்னு லீவு வீடு நிறைஞ்ச ஒரு கடலோர கிராமம், அங்க ஆரம்பப் பள்ளியையே 2021 கடைசில மூடிட்டாங்க.

இதுல மொழியும் கலந்திருக்கு. 2021 சென்சஸ்படி வேல்ஸ் முழுக்க வெல்ஷ் பேசுறவங்க 17.8 சதவீதம், க்வினெத்ல மட்டும் 64.4 சதவீதம். அதாவது கடைல, பஸ்ல, ஸ்கூல் வாசல்ல சாதாரணமா வெல்ஷ் ஓடுற இடங்கள்ல இது முக்கியமானது. ஒரு மொழி தெருவுல வாழணும்னா அந்தத் தெருவுல வருஷம் பூரா ஆள் குடியிருக்கணும். இந்த ஆத்திரம் ஒரு காலத்துல ரொம்ப தப்பான வழிலயும் போச்சு, 1979 டிசம்பர்ல ஆரம்பிச்சு 90களோட ஆரம்பம் வரைக்கும் மெய்பியன் க்ளிந்தூர்ங்கிற ரகசியக் குழு லீவு வீடுங்களுக்கு தீ வெச்சாங்க. அதை யாரும் நியாயப்படுத்த முடியாது. இன்னிக்கு அதே கோரிக்கை கவுன்சில் மீட்டிங் வழியா, சட்டம் வழியா வருது, அது நல்ல மாற்றம்.

சட்டத்துல என்ன செஞ்சிருக்காங்க:

1. 2022 அக்டோபர்ல வேல்ஸ் அரசாங்கம் வீட்டை மூணு வகையா பிரிச்சுது. சி3ன்னா நிரந்தரமா குடியிருக்குற வீடு. சி5ன்னா ரெண்டாவது வீடு. சி6ன்னா குறுகிய கால வாடகைக்கு விடுற லீவு வீடு.
2. சாதாரணமா ஒரு வகைல இருந்து இன்னொண்ணுக்கு மாத்த அனுமதி வேண்டாம். ஆர்டிகிள் 4ங்கிறது அந்த சுதந்திரத்தை ஒரு குறிப்பிட்ட ஏரியாவுல எடுத்துர்றது. க்வினெத் கவுன்சில் தன் பிளானிங் எல்லைக்குள்ள இதை 2024 செப்டம்பர் 1ல அமலுக்கு கொண்டு வந்துச்சு, குடியிருக்குற வீட்டை லீவு வீடா மாத்தணும்னா முதல்ல பிளானிங் அனுமதி வாங்கணும்னு.
3. 2023 ஏப்ரல்ல இருந்து ரெண்டாவது வீட்டுக்கு கவுன்சில் டாக்ஸ்ல (உள்ளாட்சிக்கு கட்டுற வீட்டு வரி) 300 சதவீதம் வரைக்கும் கூடுதலா போட கவுன்சிலுக்கு அதிகாரம் இருக்கு. க்வினெத் 150 சதவீதம் போட முடிவு பண்ணுச்சு, அதாவது நூறு பவுண்டு கட்டுறவங்க இருநூத்தி ஐம்பது கட்டணும்.
4. இந்த வரியில தப்பிக்க லீவு வீட்டை பிசினஸ்னு காட்டுறவங்க இருந்தாங்க. அதுக்கும் அதே 2023 ஏப்ரல்ல கட்டுப்பாடு வந்துச்சு, வருஷத்துல குறைஞ்சது 182 நாள் நிஜமா வாடகைக்கு போயிருந்தாத்தான் பிசினஸ் கணக்கு.

எதிர்க்கிறவங்க எல்லாரும் வெளியூர் பணக்காரங்கன்னு நினைச்சா தப்பு. வீட்டு விலை இறங்குனா, ஆயுசு பூரா கடன் கட்டுன உள்ளூர் குடும்பத்தோட சொத்தும்தான் இறங்குது. அம்மா அப்பா விட்டுட்டுப்போன வீட்டை லீவு வாடகைக்கு விட்டு பொழைக்கிற உள்ளூர்க்காரங்களுக்கு 182 நாள் கணக்கு கழுத்தை நெரிக்குது. ஆர்டிகிள் 4ஐ எதிர்த்து உள்ளூர்லயே ஒரு குழு கோர்ட்டுக்கும் போச்சு, 2025ல ஹைகோர்ட் அவங்க பக்கம் தீர்ப்பு குடுத்துச்சு. இந்த வாதங்கள்ல உண்மை இருக்கு, தள்ளிவிட முடியாது. ஆனாலும் என் மனசு கவுன்சில் பக்கம்தான், ஏன்னா 64 பங்கையும் ஊருக்குள்ள வெச்சிருந்த காலத்துல நஷ்டத்தையும் சேத்து பகிர்ந்துக்கிட்டாங்க, லாபம் வந்தப்ப அது உள்ளூர் கடைலயும் சர்ச்சுலயும் அடுத்த கப்பல்லயும் போய் சேந்துச்சு. வீடு வெளியூர்க்காரங்க சொத்தா இருக்கும்போது விலை ஏறுற லாபம் ஊரை விட்டுப் போயிடுது, குளிர்காலத்துல மூடிக்கிடக்குற கடை மட்டும் இங்க மிஞ்சுது.

இனிமே செய்தி படிக்கும்போது கவனிக்க வேண்டியது ஒண்ணு. ஆர்டிகிள் 4 மாதிரி விதி ஏற்கனவே லீவு வீடா இருக்குறதை தொடாது, யாரையும் வெளிய போகச் சொல்லாது, இதுக்கு மேல மாத்துறதைத்தான் தடுக்கும். அதனால ஒரு வருஷத்துல வீட்டு விலை இவ்ளோ இறங்குச்சு, இவ்ளோ குடும்பம் திரும்பி வந்துச்சுன்னு யாராவது சொன்னா ரெண்டு பக்கமும் நம்பிராதீங்க. இது வேலை செஞ்சுதா இல்லையான்னு தெரிய வீடுங்க ஒண்ணொண்ணா கை மாறணும், அதுக்கு பத்து வருஷமாவது ஆகும், அதுக்குள்ள உள்ளூர் சம்பளத்துக்கு கட்டுப்படியாகுற புது வீடுங்களை யாராவது கட்டியும் ஆகணும், ஏன்னா தடை மட்டும் போட்டா ஒரு வீடுகூட புதுசா முளைக்காது.